பெட்டியில் போட்ட கேள்வி

ஆம்பூரில் எங்கள் மாமா நடத்திய உலக நடப்பு மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்பவர் எழுந்து நிற்கக் கூடாது. சீட்டில் பெயர் போடாமல் எழுதி ஷூ பெட்டிக்குள் போட வேண்டும். யாருக்கும் பயமில்லாமல் கேட்கலாம் என்பது மாமாவின் பெருமை.

எனக்குப் பத்து வயது. ஐரோப்பாவின் பொருளாதார நெருக்கடி பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு. காட்பாடியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். தலைமைக்கு மாமா அழைத்து வந்தது அம்மா வேலை செய்த ஷூ கம்பெனியில் ஆள் எடுக்கவும் நிறுத்தவும் பொறுப்பான பர்சனல் மேனேஜரை. தலைமை வகிப்பவர்தான் சீட்டுகளைப் படிக்க வேண்டும். மாமாவின் ஜனநாயகம் இந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டுவிட்டது.

வெளிநாட்டு ஆர்டர் கம்மி என்று வீட்டில் ஒரு மாதமாக அதே பேச்சு. வாசலில் கூடிப் பேசிய இரண்டு பெண்களை வேறு யூனிட்டுக்குத் தூக்கியடித்திருந்தார்கள். அதனால் அம்மா வெளியே வாயே திறப்பதில்லை. நான்தான் திறந்தேன். ‘ஐரோப்பாவில் ஷூ வாங்காவிட்டால் எங்கள் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா?’ என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. நான் எழுதியது, எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க அம்மா கொண்டுவரும் பழைய கம்பெனிச் சீட்டின் பின்பக்கம். முன்பக்கத்தில், ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கும் அம்மாவின் டோக்கன் நம்பர் இருந்தது.

சீட்டைத் திரும்ப எடுக்கப் பெட்டியருகே போனேன். “போய் உக்காரு, பேஜார் பண்ணாத” என்று மாமா விரட்டினார். வேறு வழியில்லாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் சொன்னேன்.

“இன்னாடி பண்ணி வெச்சிருக்கே!” என்றாள். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

மேனேஜர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஐ.நா. சபையைக் கலைத்தால் என்ன என்று மாதாமாதம் கேட்கும் ஓய்வுபெற்ற தபால்காரரின் சீட்டுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து வந்தது என்னுடையது. மனதுக்குள் படித்தார், திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “டைம் ஆய்டுச்சு. மீதியை அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார். பெட்டியில் இன்னும் பாதிச் சீட்டுகள் இருந்தன.

வாசலில் அவரே எங்களிடம் வந்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“கம்பெனி பேப்பரை இப்படி வெளிய விடாதீங்கம்மா. வேற யார் கைக்காவது போயிருந்தா?” என்று சீட்டைக் கொடுத்தார்.

“தெரியாம எழுதிட்டா சார்.”

“பரவால்ல. கொழந்த நல்லாத்தான் கேட்டிருக்கு” என்றவர், என் முகத்தைப் பார்க்காமலே வண்டியேறிப் போய்விட்டார்.

தப்பித்தோம் என்று வழி நெடுக நான் குதித்துக்கொண்டு வந்தேன். அம்மா எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் நானாகவே பாத்திரம் தேய்த்துக் கொடுத்தேன். அதுவரை எடுத்த கேள்விகளையெல்லாம் உரக்கப் படித்தவர் என்னுடையதை மட்டும் படிக்காமல் திருப்பிக் கொடுத்தாரே, அதுதான் பதில் என்று அவளுக்கு அந்த வாசலிலேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய, அம்மா வேலை செய்த லைனையே கம்பெனி மூடிய தை மாதம் வரை ஆயிற்று.