மெயின் சுவிட்சும் கடைசி எபிசோடும்

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஓய்வு பெற்ற புதிதில், புனேயில் எங்கள் கேபிள்காரர் ஒருவழியாக ஒரு தமிழ்ச் சேனலைக் கொடுத்தார். அதில் ஞாயிறு காலை ஒரு தொடர் வரும். அக்கா, தங்கை, அப்பா விட்டுப்போன வீடு, அதன்மேல் வழக்கு. என் மனைவி அதை அழுவதற்காகப் பார்ப்பாள், நான் குறை கண்டுபிடிப்பதற்காக. தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். சம்மன் இல்லாமல் சாட்சி கூண்டில் ஏறினால் எப்படிச் சும்மா இருப்பேன்? நான் வாயைத் திறந்தால் மனைவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. குறை காண்பதில் எனக்கு அவ்வளவு சிரத்தை.

கடைசி எபிசோடு வரும் ஞாயிற்றுக்கிழமையில், பழைய சகா ஒருவர் ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா பக்கம் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தார். மனைவி வரமாட்டேன் என்றாள். வீடியோ ரெக்கார்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். அதன் டைமரை யாரும் தொட்டதில்லை. ஆனால் நான் அதன் கையேட்டை அடிக்கோடிட்டுப் படித்தவன். முந்தின நாளே ஒத்திகை பார்த்தேன். மராத்திச் செய்திகள் பிசிறில்லாமல் பதிவாகியிருந்தன. அதை நம்பி அவள் பட்டுப்புடவையை எடுத்தாள்.

காலையில் டைமரை இன்னொரு தடவை சரிபார்த்தேன். பிறகு காஸை மூடினேன், குழாய்களை இறுக்கினேன், ஜன்னல்களைச் சாத்தினேன், கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்து வீட்டைப் பூட்டினேன். பூட்டிய இடத்தில் மின்சாரம் இருக்கக்கூடாது என்று தொழிற்சாலைக்குச் சுற்றறிக்கை வரைந்தவனே நான்தான். விருந்தில் பக்கத்து இலைக்காரருக்கு டைமர் வைக்கும் முறையை விளக்கியதில் என் பாயசம் ஆறிப்போனது.

திரும்பி வந்து, மெயினைப் போடக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. போட்டதும், ரெக்கார்டரின் கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று கண் சிமிட்டியது. மனைவி திட்டவில்லை. புடவைகூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"திரும்பப் போட மாட்டாங்க, இல்ல?" என்றாள்.

மாடியில் ஒரு தமிழ் டீச்சர் இருந்தார். கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பள்ளியில் வேலை. அவரும் அந்தத் தொடரை விடமாட்டார். மேலே போய்க் கேட்டேன். அவர் நிறையச் சொன்னார். நான் முக்கியமானவற்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு இறங்கினேன்.

"அக்கா கேஸை வாபஸ் வாங்கிட்டா. வீடு தங்கச்சிக்கு. அம்மா இறந்துட்டாங்க."

"அம்மா போறப்ப அக்கா வந்து சேர்ந்தாளா?"

"அதைக் கேக்கலை."

"தங்கச்சி அழுதாளா?"

"அழாம இருப்பாளா?"

"மீட்டிங் மினிட்ஸ் மாதிரி சொல்றீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் மாடி ஏறினேன். தங்கை அழுதாள் என்ற செய்தியோடு இறங்கினால், யார் மடியில் என்ற கேள்வி காத்திருந்தது. அடுத்த தடவை டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க முட்டி போயிடும். உங்க வீட்டம்மாவை அனுப்புங்க. நான் நடிச்சே காட்டிடறேன்."

மனைவி போனாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சரின் குரல் ஓங்கியது, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தழைந்தது. பிறகு என் மனைவி மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கீழே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல், கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இறங்கி வந்தாள். கண் சிவந்து, முகம் தெளிந்திருந்தது.

"என்னதான் ஆச்சு?" என்றேன், முடிந்தவரை அலட்சியமாக.

"நீங்கதான் எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து சொன்னீங்களே" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அக்கா வந்து சேர்ந்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.