அமீனைத் திறந்துவிட்டவன்

ஒரு போத்தலில் நான் பொய்ப் பெயர் எழுதி ஒட்டினேன். அந்தப் பொய்யைச் சுமந்தவள் சுகந்தி...

நீங்கள் இரசாயனம் படித்திராவிட்டாலும் இது விளங்கும். நைத்திரைல் ஒட்சைட்டு என்ற பொருளைச் செய்து எடுத்துவைக்க முடியாது. குடுவைக்குள்ளேயே அதைப் பிறப்பித்து, அங்கே காத்திருக்கும் அல்கீன் என்ற மற்றப் பொருளோடு சேரவிட வேண்டும். அதைப் பிறப்பிக்கும் திரவமான அமீனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒட்சைட்டு கொஞ்சங் கொஞ்சமாகப் பிறந்து அல்கீனைப் பிடிக்கும். நமக்கு வேண்டிய அணு வளையம் கிடைக்கும். அவசரப்பட்டு ஊற்றினாலோ அது தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கிடைப்பது வேறொரு பொருள்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருந்த காலம். அன்று வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. என்னைப் பெற்ற ஐயாவுக்குக் கால் இயலாது. முறை தவறினால் கதிர் வரக் காத்திருக்கும் குடலைப் பயிர் கருகிவிடும். ஆய்வுகூடத்தில் அமீன் இருந்த சொட்டுப் புனலுக்கு முன்னால் நான் இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கவேண்டும். புனலின் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பஸ் ஏறினேன். மடையில் தண்ணீரை அளந்து விடத் தெரிந்தவன் நான்! எனக்கா தெரியாது?

மறுநாள் சோதனைத் தட்டில் புள்ளி வேறிடத்தில் நின்றது; குடுவையில் இருந்தது வளையமல்ல. கண்டேன். கண்டும் வளையத்தின் பெயரையே எழுதி ஒட்டினேன். பயிர் தப்பியது.

சுகந்தி எனக்கு அடுத்த மேசை. ஜெயபுரத்தில் குடியேறிய மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பம். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதலாள். என் போத்தலில் உள்ள வளையத்தை வெட்டித் திறப்பது அவளுடைய ஆய்வு. எங்களிடம் பொருளைச் சரிபார்க்கும் பெரிய கருவி இல்லை. ஒருவர் எழுதிய பெயரை மற்றவர் நம்புவதுதான் வழக்கம். அவளும் நம்பினாள். மாதக்கணக்காக எதுவும் வெட்டுப்படவில்லை. எல்லோருக்கும் முன்னால் பேராசிரியர் அவளுக்கு ஆய்வுகூட வேலைக்குக் கை சரியில்லை என்றார்.

அவள் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, போத்தல்ல இருக்கிறது அதுதானே?”

“ஓம், அதுதான்.”

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன கெட்டிருக்கும்? என் ஆய்வு கொஞ்சம் பிந்தியிருக்கும். அவ்வளவுதான்... அதற்காகவா? அதற்காகத்தான்.

அவள் படிப்பை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். நான் பட்டம் முடித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறேன்.

போன கிழமை அவளுடைய தங்கை என் கையெழுத்துக்கு ஒரு படிவத்தோடு வந்தாள். என் வகுப்பில் கெட்டிக்காரி. விஞ்ஞானத்தை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறப்போகிறாளாம். ஏன் என்று கேட்டேன்.

“அக்கா சொல்லிச்சு சேர், எங்க ஆளுங்களுக்கு இந்த வேலைக்குக் கை வராதாம்.”

பேனையைத் திறந்தேன். இப்போதாவது சொல்லடா என்று எனக்குள் கேட்டது... பிள்ளை காத்துக்கொண்டு நின்றாள். வெளியே மணி அடித்தது.

கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நன்றி சேர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கை சரியில்லாதவன் நான். இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. சுகந்தியிடமோ தங்கையிடமோ சொல்லவில்லை.