கோமதியம்மா இரண்டு தடவை சொன்ன வரி

செல்லூர் டீக்கடையில் நின்றிருந்தபோதுதான் சேதி வந்தது. "தல்லாகுளத்துல டைப் அடிக்கிற கோமதியம்மா போயிருச்சாம்ணே." துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. கேத வீட்டிலும் அப்படித்தான். "கடைச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று நாலு வியாபாரிகள் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் அடித்துக்கொண்ட வியாபாரிகளான உங்களுக்குத் தெரியும், அந்தச் சாவியால் யார் ரகசியமும் வெளியே வராது. தினமும் கடையைப் பூட்டுமுன் அன்றைய கார்பன் தாள்களை வாசலில் போட்டுக் கொளுத்திவிடுவார். "வெளிச்சத்துல பிடிச்சா அம்புட்டும் படிக்கலாம்ணே" என்பார். அந்தக் கருகல் வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

நான் தரகன். எழுபதுகளின் கடைசியில், கப்பலூரில் பம்பு செட்டு உதிரிகள் செய்கிற பரமனுக்காக மூன்று வருஷம் அலைந்து கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். ஊரை மட்டும்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். கம்பெனி எதுவென்று தெரிந்துவிட்டால் அப்புறம் தரகன் எதற்கு? அதனால் பெயரைச் சொல்லுமுன் பேப்பர் போட அவனைக் கோமதியம்மா கடைக்குக் கூட்டிப் போனேன். பேசியதை வெளியே சொல்லக்கூடாது, என்னைத் தாண்டிப் போய் வியாபாரம் செய்யக்கூடாது. இவ்வளவுதான் ஒப்பந்தம்.

பாதியில் கோமதியம்மாவின் விரல்கள் நின்றன. "அண்ணே, 'நானோ, என் மச்சினனோ, உறவுக்காரர் யாருமோ'ன்னு ஒரு வரி சேத்துக்கிருவோமா?"

பரமன் சிரித்தான். "என்ன மாப்ள, என் பொண்டாட்டி வீட்டு ஆளுகளையெல்லாம் ஸ்டாம்பு பேப்பர்ல ஏத்தணுமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவனிடம் சொந்தத்தைச் சந்தேகப்பட்டு எழுதி வாங்குவதா? "வேணாம்மா, விட்டுரு" என்றேன்.

"அந்த வரியை விட்டுராதீங்கண்ணே."

கண் என் மேலேயே இருந்தது. நான் ஒரு மடையன். "அடிக்கச் சொன்னதை அடிம்மா!" என்று எரிந்து விழுந்தேன்.

முதல் ஆறு மாதம் நன்றாக நடந்தது. பிறகு கோயம்புத்தூர்க் கடிதங்கள் தாமதமாயின, அப்புறம் நின்றே போயின. பரமன் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போனான். கோயம்புத்தூருக்கே நேரில் போய்க் கேட்டபோது கம்பெனி மேனேஜர் ஒரு கூட்டுப் பத்திரத்தை எடுத்துப் போட்டார். கோயம்புத்தூருக்குச் சரக்கு அனுப்பவென்றே பரமன் தன் மச்சினன் பேரில் தொடங்கிய கம்பெனி. என் பேப்பருக்கு ஒரு வாரம் முந்திய தேதி. எழுத்துகளைப் பார்த்தேன். ஒவ்வொரு 'ர'வும் வரியை விட்டு ஒரு நூல் மேலே ஏறி நின்றது. கோமதியம்மாவின் மெஷின்!

என் பேப்பரில் மச்சினன் கையெழுத்துப் போடவில்லையே, வழக்கு நிற்காது என்றார் வக்கீல். நேரே கோமதியம்மா கடைக்குப் போய்க் கத்தினேன். "தெரிஞ்சுக்கிட்டே என் கழுத்தை அறுத்துட்டியேம்மா!"

கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "உங்க பேப்பர்ல இருந்ததை வேற யார்கிட்டயாச்சும் சொன்னேனாண்ணே? பெறகு அவுக பேப்பர்ல இருந்ததை உங்ககிட்ட எப்படிச் சொல்ல? வரியைச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அதுக்கு மேல எனக்கு வாய் கிடையாது."

கண் கலங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தும் படியிறங்கி வந்துவிட்டேன். அதற்காக அவரிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

கேத வீட்டு வாசலில் பரமன் என் தோளில் கை போட்டான். எத்தனையோ வருஷம் கழித்து அதே குரல். "மாப்ள, புதுசா ஒரு பார்ட்டி இருக்காமே உங்கிட்ட. பழசையெல்லாம் மறந்துரு. பேசுவமா?"

உள்ளே அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொன்னேன்.

"அந்த வரியோட பேப்பர் போட்டுட்டு வா, பேசுவோம்."

எந்த வரி என்று பரமன் கேட்கவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டான்.