நெஞ்சில் எழுதிய எண்

ஆம்புலன்சில் நோயாளி தூக்கும் வேலை அவருக்கு. தொற்று பரவிய வருடம், தெருவில் மட்டும் கிடங்கு வேலை என்று சொல்லிவைத்தார். பொய்தான். உண்மையைச் சொன்ன அதே தெரு நர்ஸம்மா ஒருவரின் சாமான்களை வீட்டுக்காரர் வாசலில் தூக்கிப் போட்டதைக் கண்ணால் பார்த்தவர் வேறென்ன செய்வார்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளைக் காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டால் யார் யாரென்று கூட வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. குரலும் மாறிப்போகும். அதனால் நெஞ்சில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்கள். இவர் மட்டும் '3' என்று எழுதினார். வண்டியில் மூன்றாவது ஆள், அவ்வளவுதான். முகமூடிக்குள் சிரித்தாலும் வெளியே தெரியாதே என்று, தூக்கும் முன் ஒவ்வொருவரிடமும், "தூக்குறேங்க, பயப்படாதீங்க" என்பார்.

ஒருநாள் எதிர்வீட்டு வாத்தியாரையே தூக்க வேண்டி வந்தது. பத்து வருடமாக மாலைதோறும் இவரோடு கேரம் ஆடியவர். தோற்றால் பலகை கோணல் என்பவர். வண்டிக்குள் மூச்சு இழுக்க இழுக்க, இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"யாருப்பா நீ?"

பிழைத்து வந்து தெருவில் சொல்லிவிட்டால்?

"மூணாம் நம்பருங்க."

வாத்தியார் கையை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

நோய் அடங்கி இரண்டு வருடமாயிற்று. வெறும் சட்டையோடு நிற்கும்போதும், அந்த உடுப்புக்குள் கேட்டதுபோலவே தன் மூச்சு இவருக்குக் காதுக்குள் பெரிதாகக் கேட்கிறது. யாராவது பெயர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். கேரம் பலகையை அதன்பிறகு தொடவில்லை.

போன வாரம் வாத்தியார் மனைவி, அரிசி மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். குனிந்தவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "தூக்குறேங்க, பயப்படாதீங்க." அதுவும் அரிசி மூட்டையிடம்!

அந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். கணவரைக் கொண்டுபோன அன்று கதவோரம் நின்று அவர் கேட்ட வார்த்தைகள் அவை.

"நீயா அது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? வாத்தியார் கேட்டதையும் தான் சொல்லாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். திட்டு விழும் என்று தலை குனிந்து காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அக்கா திட்டவில்லை, சுவரில் இருந்த கணவரின் படத்தைக் காட்டினார்.

"யாருன்னு தெரியாமலே போயிட்டாரே தம்பி. இப்பவாவது சொல்லு."

படத்தின் முன்னால் போய் நின்றார். பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"மூணாம் நம்பருங்க."