அங்காலே நிற்கும் பஸ்

கொடிகாமம் போகும் மினிபஸ்ஸில் அவரை அடிக்கடி காண்பேன். எழுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு, ரப்பர்ச் செருப்பு. பழைய சோதனைச்சாவடி இருந்த இடம் வந்ததும் மணியை அடிப்பார்.

யுத்த காலத்தில் எல்லோரும் அங்கே இறங்கி, அடையாள அட்டையும் கையுமாக நடந்து, சாவடி தாண்டி அங்காலே காத்துநிற்கும் வெறும் பஸ்ஸில் மறுபடி ஏறுவோம். சாவடி போய் எவ்வளவோ காலம். இப்போது அங்கே ஐஸ்கிரீம் கடை. அவர் மட்டும் இன்னும் இறங்கி நடக்கிறார். பஸ்ஸும் அங்காலே போய் நின்று அவரை ஏற்றுகிறது. ஒருவரும் முணுமுணுப்பதில்லை.

ஒருநாள் நானும் இறங்கினேன்.

"ஐயா, செக்பொயின்ற் இப்ப இல்லையெல்லோ?"

"ஓம் தம்பி, தெரியும். நான் விசரனில்லை. அண்டைக்கு மகன் பின்னாலை வாறானெண்டு நான் முதல் ஏறிப்போட்டன். உள்ளுக்கை போய்த் திரும்பிப் பாத்தால் பிள்ளை இல்லை. பிறகு காணவேயில்லை."

அவரோடு கூடவே நடந்தேன். பஸ்ஸடிக்கு வந்ததும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

அவர் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"நீர் முதல் ஏறும். எனக்குப் பின்னாலை ஒருத்தரும் நிக்கக் கூடாது."

ஏறினேன். அவர் கம்பியைப் பிடித்தபடி வெறும் வீதியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை.