கிணற்றோரம் நின்ற சக்கர வூடு

1969ஆம் வருஷம், ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் குள்ளம்மாளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரே சைக்கிளை ஒரு காலால் தாங்கிக்கொண்டு படித்துக் காட்டினார். அவள் புருஷன் மாதுவின் சளியில் இப்போது கிருமி இல்லை. கார்த்திகை நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இன்னும் ஒரு வருஷம் மாத்திரை நிற்கக் கூடாது. காற்று வரும் இடத்தில் தனியாகப் படுக்க வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது.

"நல்ல சேதிதானே, ஏன் இப்படி நிக்கிற?" என்றார் தபால்காரர்.

நல்ல சேதிதான். கல் உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாது, போன தை மாசம் ரத்தமாக இருமியபோது அவன் பிழைப்பான் என்று நல்லம்பள்ளியில் யாரும் நினைக்கவில்லை. சேலத்துக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இப்போது பிழைத்து வரப்போகிறான். வந்தால் எங்கே படுப்பான் என்பதுதான் குள்ளம்மாளை வாசலிலேயே நிற்க வைத்தது.

வீட்டில் இருந்தது இரண்டே அறை. மாதுவின் அண்ணன் சென்றாயன், அவன் மனைவி பெரியம்மாள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், போதாததற்கு மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று. அன்று சாயங்காலம் சென்றாயன் மாட்டுக்குத் தண்ணி காட்டியபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"ஏம்மா, தப்பா எடுத்துக்காதே. மூத்தது ஒண்ணை இந்தக் கையாலதான் பொதைச்சேன். எலும்புருக்கி வந்தவனை இந்த வூட்டுக்குள்ள வுட எனக்குத் தைரியம் இல்ல."

"கிருமி போயிருச்சுன்னு எழுதியிருக்காங்களே, மாமா."

"எழுதறவங்க வூட்லயா கொழந்தை இருக்குது?"

சென்றாயன் மாட்டைத் தொழுவத்தில் கட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் முழுசாகக் கோபப்படவும் அவளுக்கு வரவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

பாகத்துக்கு வந்த நிலத்தில் குடிசை போடலாம். ஆனால் அது அடைமழைக் காலம். மண்சுவர் காய்வதற்குள் தை பிறந்துவிடும். ஈரச் சுவருக்குள் அவனைப் படுக்க வைப்பதற்கு ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடலாம்.

நாலு நாள் கழித்து, ஏரிக்கரை வழியாகப் புல்லுக்கட்டு சுமந்து வந்தபோதுதான் அந்தச் சக்கர வூட்டுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பதைப் பார்த்தாள். சக்கரத்தின் மேல் தகட்டால் செய்த அந்தச் சின்ன வீடு பல வருஷமாக அங்கே கிடப்பது. பூமிக்குள் என்ன கல் இருக்கிறது என்று சோதிக்க வந்த ஒரு கம்பெனி என்ஜினீயர், பெங்களூரிலிருந்து ஜீப்பில் மாட்டி இழுத்து வந்து அதில் குடியிருந்தார். உள்ளே கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாம் உண்டு. அவர் போனார், வண்டி நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் ஏரி நிரம்பியபோது ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி ஒரு மாதம் நின்றது. அதன்பிறகு அதற்குள் ஓணான்தான் குடியிருந்தது.

பக்கத்தில் நின்றவர் தருமபுரியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த கவுஸ் பாஷா.

"இதை என்ன பண்ணப் போறீங்க, பாய்?"

"கம்பெனிகிட்ட வெலைக்கு வாங்கிட்டேன். மேல் தகடு அலுமினியம். உரிச்சிட்டுப் போவணும். உள்ள இருக்கறதெல்லாம் தண்ணி குடிச்சுச் செத்துப்போச்சும்மா."

"உரிக்காம எனக்குக் குடுங்க."

கவுஸ் பாஷா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புல்லுக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடி, கல்யாணத்துக்கு ஆத்தா கொடுத்த பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து அவர் முன்னால் இறக்கினாள். அவர் அதை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு படுக்கத்தாங்க."

அண்டாவை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது திரும்பி, தன் பையிலிருந்து ஒரு திருப்புளியையும் சின்னக் கடப்பாறையையும் எடுத்து வண்டிப் படியில் வைத்தார். "இது இல்லாம ஒண்ணும் ஆவாது. ஆனா ஒண்ணு, நாளைக்கு வந்து அண்டாவத் திருப்பிக் கேக்கக் கூடாது."

இழுத்து வர மாடு வேண்டும். அவள் கேட்காமலே சென்றாயன் ஏர்மாடுகளை ஓட்டி வந்தான். டயர்கள் மக்கிப்போயிருந்தன. அரை மைல் இழுக்க ஒரு பகல் ஆனது. மாதுவின் பங்கில் மேடான இடம் கிணற்று மேடு ஒன்றுதான். அங்கே நிறுத்தி, நாலு மூலைக்கும் சென்றாயனே கல் முட்டுக் கொடுத்தான். பிறகு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான்.

கதவைத் திறந்ததும் அழுகல் நாற்றம் மூக்கில் அறைந்தது. குள்ளம்மாள் கதவையும் ஜன்னலையும் ஐந்து நாள் திறந்துபோட்டாள். மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. சுவர்ப்பலகை காய்ந்த மாதிரி இருந்தது. சுண்ணாம்பு அடித்தாள். உள்ளே பளிச்சென்று ஆனதும் அவளுக்கே நம்ப முடியவில்லை, இவ்வளவுதானா வேலை என்று.

எட்டாம் நாள் காலையில் போனபோது வெள்ளைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. தொட்டுப் பார்த்தாள். விரல் ஈரமானது. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் குத்தினாள். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. இந்தப் பூசணக் காற்றையா அந்த நெஞ்சு இழுக்கப்போகிறது?

அன்றைக்கே உள்பலகை அத்தனையையும் பெயர்த்துத் தள்ளினாள். துருப்பிடித்த திருகாணிகள் திருப்புளிக்கு அசையாதபோது கடப்பாறையால் நெம்பினாள். சாயங்காலம் பார்த்தால் தகட்டுத் தோலும் மரச்சட்டங்களும் தரையும்தான் மிச்சம். சட்டங்களிலும் மூன்று, அடியில் தூளாக உதிர்ந்தன. கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

"புருசன் வர்றதுக்குள்ள இருந்ததையும் இடிச்சுப்புட்டியா?" என்றாள் ஒருத்தி.

குள்ளம்மாள் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனாள்.

மாதுவின் பழைய மாட்டுவண்டி ஒன்று அச்சு முறிந்து வேலியோரம் கிடந்தது. அதன் பலகைகள் காய்ந்து இரும்பாகியிருந்தன. அழுகியதை நல்ல மரம் தட்டுப்படும் வரை அறுத்து எறிந்துவிட்டு, மாட்டுவண்டிச் சட்டத்தைப் பக்கத்தில் சேர்த்து அடித்தாள். முதல் இரண்டும் ஆணி இறங்கும்போதே பிளந்தன. மூன்றாவதற்கு அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டுவிட்டு ஆணி அடித்தாள். பிளக்கவில்லை. அதன்பிறகு எல்லாவற்றுக்கும் அதே வழி.

மரம் கைக்கு வந்தது. ஒழுக்குதான் அவளை ஆட்டி வைத்தது. படுக்கை வரும் இடத்தில் சொட்டுகிறது என்று அதற்கு நேர் மேலே கூரையில் தார் பூசினாள். மறுமழைக்கு அதே இடத்தில் சொட்டியது. இன்னும் பூசினாள். இன்னும் சொட்டியது. கடைசியில் தரை முழுக்கச் சாம்பலைச் சல்லடையில் சலித்துத் தூவினாள். ஏணி வைத்து ஏறி, கூரையின் ஒரு கோடியிலிருந்து சாண் சாணாகக் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு குடத்துக்கும் இறங்கி வந்து சாம்பலில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பதினேழாவது குடத்தில் குட்டு உடைந்தது. மறுகோடியில் இருந்த காற்றுத் துவாரத்தின் விளிம்பில் தண்ணீர் நுழைந்து, உத்தரத்தை ஒட்டியே ஊர்ந்து வந்து, படுக்கைக்கு மேலே சொட்டியது.

அவள் பிறந்தது பென்னாகரத்துப் பக்கம். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தார் பூசுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள். கோணிச்சாக்கைக் கிழித்துக் கொதிக்கும் தாரில் முக்கி, துவார விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். சூட்டுத் தார் முழங்கையில் வழிந்து தோலோடு வந்தது. கூரையில் தண்ணீர் தேங்காமல் ஓடிவிட வேண்டும் என்று, கதவுப்பக்கக் கல்லை நெம்பி ஒரு விரற்கடை உயர்த்தினாள். வண்டி கிணற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்து நின்றது. ஊற்றிய தண்ணீர் அந்தப் பக்கமாக அழகாக ஓடி விழுந்தது.

அப்போதுதான் இரண்டாவது கார்டு வந்தது. வேறு நோயாளிக்குக் கட்டில் தேவைப்படுகிறது, புதன்கிழமையே அனுப்புகிறோம் என்று. அன்று திங்கள். சுவரில் பாதிக்குப் பலகை இல்லை. இரண்டு நாளும் அவள் சோறு தின்றாளா என்று அவளுக்கே நினைவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாது தனியாகவே நடந்து வந்தான். வழியில் அண்ணன் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வயலுக்குள் வந்தவன் சக்கர வூட்டை ஒருதரம் பார்த்தான். பெட்டியைப் புங்கமரத்தடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஊருக்கு வெளிய வெச்சுட்டீங்களா என்னை?"

"உள்ள வாங்க."

"குஷ்டக்காரனைத்தான் இப்படி வெப்பாங்க. அதுக்கு நான் அங்கியே செத்திருப்பேன்."

தொப்பூர் மலைப்பக்கம் வானம் கறுத்து வந்தது. காற்றில் மண்வாசம். குள்ளம்மாள் படியில் நின்றபடியே சொன்னாள்: "மழை வருதுங்க. பத்து மாசம் போட்ட ஊசியை இந்த மழையில கரைக்காதீங்க. கோவத்தை உள்ள வந்து காட்டுங்க."

முதல் துளிகள் பெட்டிமேல் படபடவென்று விழுந்தபோது எழுந்து வந்தான். உள்ளே நுழைந்து, படுக்கப் போட்டிருந்த இரண்டு பலகைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்தான். மழை கூரையில் கொட்டியது. அவள் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு இல்லை.

"ரெண்டு பலகை எதுக்கு?" என்றான் அவன்.

"நான் எங்க படுக்கிறதாம்?"

அவன் அவள் கையைப் பார்த்தான். முழங்கைப் புண்ணைப் பார்த்தான். பிறகு சுவரைத் தடவினான். "இது நம்ம வண்டிப் பலகையாச்சே" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் தண்ணிக்குடம் தானாக நகர்ந்தது. தரையில் உரசிக்கொண்டே போய்க் கிணற்றுப்பக்கச் சுவரில் மோதி நின்றது. அடியில் எங்கோ மரம் முனகியது. குள்ளம்மாள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே அருவியாக விழுந்து மண்ணை அரித்திருந்தது. மூலைக்கல் பாதி புதைந்துவிட்டது. அங்கிருந்து கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு ஆறடி தூரம். சரித்து வைத்தது அவள்தான்.

"எந்திரிக்காதீங்க. உக்காந்தபடியே நவுந்து கதவுகிட்ட வாங்க. அந்தப் பக்கம் பாரம் ஏறக் கூடாது."

அவன் வந்தான். "நீங்க இங்கியே இருங்க, நான் எறங்கறேன். குதிச்சிடாதீங்க, பாரம் கொறைஞ்சா வண்டி போயிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். "மாமா! மாமா!" என்று மழையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில் மாட்டியிருந்த வடத்தை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்த முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்தாள். வண்டி இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

இரண்டு வயல் தாண்டி வரப்பில் விழுந்து எழுந்து ஓடி வந்தான் சென்றாயன். வண்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே போய்த் தோளைக் கொடுத்து நின்றான். சேற்றில் குதிகால் வழுக்கியது. பின்னால் வெறும் கிணறு.

"மாமா, அங்க நிக்காதீங்க!"

"நீ கயித்தைக் கட்டும்மா!"

"அண்ணா, வெளிய வா! நான் போனாப் போறேன், உனக்குக் கொழந்தைங்க இருக்கு!" என்று உள்ளிருந்து மாது கத்தினான். கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே சென்றாயன் தோளை இன்னும் உள்ளே கொடுத்தான்.

முடிச்சு விட்டது. ஜீப்பில் மாட்டும் கொக்கியில் வடத்தைக் கோத்துப் புங்கமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்துக் கட்டினாள். வடம் முறுக்கேறி விறைத்தது. வண்டி நின்றது. மாட்டுவண்டியின் முறிந்த அச்சைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்த பிறகுதான் சென்றாயன் வெளியே வந்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்தான்.

மழை விட்டதும் கதவருகே போய்த் தம்பியின் கையைப் பிடித்தான். "வூட்டுக்கு வா மாது. நடக்கிறது நடக்கட்டும்."

மாது அண்ணன் தோளில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துவிட்டான். "வேணாண்ணா. கைக்கொழந்தை இருக்குது. இதை நிமித்தி மட்டும் குடு. அவ தேடித்தேடி அடைச்சிருக்கா, ஒரு சொட்டு உள்ள வர்ல."

மறுநாள் ஏர்மாடு கட்டி வண்டியைக் கிணற்றை விட்டு ஐம்பது அடி தள்ளி இழுத்து நிறுத்தினார்கள். இந்தமுறை அடியில் கற்பலகை போட்டார்கள்.

மாது அதில் பதின்மூன்று மாதம் இருந்தான். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. அடுத்த மார்கழியில் டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். கல் உடைக்க மட்டும் போகக் கூடாது. அவன் நிலக்கடலை போட்டான், இரண்டு எருமை வாங்கினான். பெரியம்மாள் ஒருமுறைகூட அந்தப் படியேறவில்லை. ஆனால் பிள்ளைகளைத் தடுக்கவும் இல்லை.

குள்ளம்மாளுக்கு வேறொரு பிழைப்பு அமைந்தது. ஓடு, தகரம், மச்சு எது ஒழுகினாலும் ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்கள். நல்லம்பள்ளி மட்டுமல்ல, தருமபுரியிலிருந்தும் வந்தார்கள். கவுஸ் பாஷாவே தன் கடைக்கூரைக்கு ஒருதரம் கூட்டிப்போனார். சொட்டுகிற இடத்தை அவள் பார்க்கவே மாட்டாள். முதலில் அதற்கு எதிர்க்கோடிக்குத்தான் போவாள். இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கூப்பிடாமலும் இருக்க மாட்டார்கள்.

எழுபத்தைந்தில் கல்வீடு கட்டிக் குடிபோனார்கள். பொம்மிடியிலிருந்து ஒரு கடலை வியாபாரி சக்கர வூட்டைக் கேட்டு வந்தார், களத்தில் மூட்டைக்குக் காவலிருக்க. டிராக்டரில் மாட்டி இழுத்துப் போகிற காலையில் மாது வரப்பு வரை கூடவே நடந்தான். திரும்பிப் பார்த்தால் குள்ளம்மாள் கடலைக்கொல்லையில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்க வர்லியா?"

"மேல ஒழுகாதுங்க. கீழ மண்ணைப் பாத்து நிறுத்தச் சொல்லி அந்த ஆளுகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன்" என்றாள் அவள், நிமிராமலே.