புதுத் தட்டுப் பச்சை

பொற்கொடி டீச்சருக்கு ஒன்றாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரே ஒரு டிராயிங் பீரியடு. பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வார். கலர் வாங்கித் தரச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பள்ளிக்கூடத்துத் தாளாளர் பொங்கியண்ணனுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில் ஓகோவென்று ஓடுகிறது. "டிராயிங்குக்கெல்லாம் செலவு எதுக்குங்க டீச்சர், உங்க திறமைய வெச்சுப் பண்ணுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார்.

அவளும் பண்ணினாள். செங்கல்லைப் பொடித்தாள், அடுப்புக்கரியை இடித்தாள். மஞ்சள்தூளில் சொட்டு நீலம் விட்டு மைதாப் பசையில் குழைத்தால் நல்ல பச்சை வரும். ஆண்டுவிழா மேடைக்குக் காடாத் துணியில் ஒரு மரம் வரைந்து, பிள்ளைகளின் உள்ளங்கைகளையே இலைகளாகப் பதிக்க ஆரம்பித்தாள். இருந்தது ஒரே தாம்பாளம். எல்லாரும் அதிலேயே கையை முக்கிப் பதித்தார்கள். பாதி மரம் தழைத்ததும் மணி அடித்துவிட்டது.

மறுநாள் நித்யஸ்ரீயின் அப்பா சுரேந்தர் தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தார். பொற்கொடியைக் கூப்பிட்டார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் வித்தியாசமில்லீங்க. காலனிப் புள்ளைங்களும் அதே தட்டுல கைய உட்டாங்கன்னு பாப்பா சொல்லுச்சு. ஊட்ல பெரியவங்க சங்கடப்படறாங்க."

எவ்வளவு மரியாதை பாருங்கள். ஒரு 'ங்க' குறையவில்லை.

பொங்கியண்ணன் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்னங்க, இன்னொரு தட்டு வாங்கிப்போடலாம். பணம் கட்டற புள்ளைங்களுக்குக் கடைக் கலரு. இலவச ஒதுக்கீட்டுப் புள்ளைங்களுக்குப் பழசே இருக்கட்டும். துணியும் புதுசா எடுத்துக்கலாம். அந்தப் புள்ளைங்க கைய மரத்துல வெக்காதீங்க டீச்சர், கீழ புல்லு மாதிரி வெச்சிருங்க."

வருஷக்கணக்காக வராத கலர் அன்று சாயங்காலமே ஆட்டோவில் வந்து இறங்கியது, பளபளவென்று ஒரு எவர்சில்வர் தட்டோடு.

பொற்கொடியும் காலனிக்காரிதான். தாராபுரம் பக்கம் ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தே ஓய்ந்துபோனவர் அவள் அப்பா காளிச்சாமி. இங்கே யாருக்கும் அது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று "யாரூட்டுப் புள்ளைங்க?" என்று தாளாளர் கேட்டார். "அப்பா விவசாயமுங்க" என்றாள். அவராகவே ஒன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலை நம்பித்தான் அவருடைய சொந்தக்காரர் வாடகைக்கு வீடும் கொடுத்தார். பக்கத்து வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பொற்கொடியின் அம்மா காது கேட்காதவள் போல இருந்துவிடுகிறாள். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும், வீடும் போகும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலும், இவளுக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவள் "சரிங்க சார்" என்றாள்.

அடுத்த டிராயிங் பீரியடுக்குத் தாளாளரும் சுரேந்தரும் வந்து வாசலில் நின்றுகொண்டார்கள். பொற்கொடி பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்கக் கூடாதா என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. எது எந்தத் தட்டு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே தடவைதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய்ப்பாட்டை அவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை அவர்கள்.

"நீங்க மொதல்ல வெச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றார் சுரேந்தர், சிரித்தபடி.

பொற்கொடி இரண்டு தட்டையும் பார்த்தாள். பிறகு வலது கையை எவர்சில்வர் தட்டில் முக்கி, மரத்தின் உச்சிக் கிளையில் பதித்தாள். இரண்டு பேரும் திருப்தியாகக் கிளம்பிப் போனார்கள்.

பழைய தாம்பாளத்தின் வரிசையில் சண்முகப்ரியா முதலில் நின்றாள். இடைவேளையெல்லாம் டீச்சரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே திரியும் பிள்ளை. அவள் கையைப் பிடித்து அழுத்திவிடப் பொற்கொடி குனிந்தாள். சண்முகப்ரியா வெடுக்கென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க டீச்சர். நீங்க அந்தத் தட்டு. என்ற கை பட்டுரும்."

சொல்லிவிட்டு மண்டி போட்டாள். துணியின் அடி ஓரத்தில், புல் இருக்க வேண்டிய இடத்தில், யார் உதவியும் இல்லாமல் தன் கையைத் தானே பதித்தாள். பிறகு நிமிர்ந்து, "சரியா வெச்சுட்டனுங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"சரியா வெச்சுட்ட கண்ணு" என்றாள் பொற்கொடி.